ராணிக் காசின் தழும்புகள்

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடச் சொல்லி என் கணவர் ஆனந்த்ராஜ் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டுக்கா பஞ்சம் என்று நானும் பதில் சொல்லியே இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டேன். போன மாதம் எங்கள் மகள் அனிஷாவின் நிச்சயதார்த்தத்தில் அந்த வாய் செய்த வேலையைப் பார்த்த பிறகுதான், மனுஷன் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

நான் புஷ்பமேரி. ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளர். நகைக்கடனுக்கு வருகிறவர்கள் மேசையில் வைக்கும் சங்கிலியையும் வளையலையும் உரைகல்லில் உரசிப் பார்த்து, அசலா கவரிங்கா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பொய்யான சீட்டுக்கூட நான் எழுதியதில்லை. எத்தனையோ மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். என் கையெழுத்தை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

இந்த வேலையால் வந்த ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. உலோகம் எது கையில் அகப்பட்டாலும் சுண்டிப் பார்த்துவிடுவேன். பாத்திரக் கடையில் குடம், ஓட்டலில் டம்ளர், சொந்தக்காரர் வீட்டில் குத்துவிளக்கு, எதையும் விட்டதில்லை. விரல் தானாகப் போகும்.

மாப்பிள்ளை ரொனால்டு எரியோட்டுக்காரர். அனிஷா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டு வாத்தியார். மூன்று வருஷம் பழகி, இரண்டு வீட்டையும் ஒவ்வொரு படியாக ஏற்றிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். ரொனால்டின் அப்பா காலமாகிவிட்டார். பெரியப்பா ராயப்பராஜ்தான் அந்த வீட்டுக்குத் தலைவர். எழுபதை நெருங்கிய வயது, மடிப்புக் கலையாத வேட்டி, சிரித்துப் பழக்கமில்லாத முகம். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்துக்காக ஒண்டியாக நின்றுவிட்டார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பை நாங்கள் ஓலை என்போம். ஒருவரும் தடை சொல்லவில்லை. தடை சொல்வதற்கென்று வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் மேட்டுப்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல். கோயில் உபதேசியார் இனிகோ ஜெபம் சொல்ல மைக் வைத்திருந்தார். மைக் செட்டுக்காரர் தெருவின் இரண்டு முனையிலும் ஸ்பீக்கர் கட்டிவிட்டிருந்தார். ரொனால்டின் அம்மா லூர்தம்மாள் தாம்பூலத் தட்டை என்னிடம் நீட்டினார். வெற்றிலை, பழம், பட்டுப்புடவை, நடுவில் சந்தனம் அப்பிய ஒரு பழைய வெள்ளி ரூபாய்.

"எங்க குடும்பத்து ராணிக் காசு, மதினி. வீட்டுக்கு வாரவளுக்கு இதத்தான் மொதல்ல குடுப்போம்" என்றார்.

எடுத்தேன். விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் 1882. இனிகோ மைக்கை என் வாய்க்கருகே கொண்டுவந்தார். 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் என் கட்டைவிரல் காசைச் சுண்டிவிட்டது. நல்ல வெள்ளி என்றால் கணீரென்று நீளமாக இழுக்கும். இது 'டொக்' என்றது.

"அய்யய்யோ, இது டூப்ளிகேட்டுல!" என்றேன்.

தெருவின் இரண்டு முனையிலும் அது கேட்டது. முக்குக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ராயப்பராஜ் எழுந்து வந்து என் கையிலிருந்த காசை வாங்கித் துண்டின் நுனியில் முடிந்துகொண்டார். "இந்தக் காச யாரும் சுண்டக் கூடாது. வார ஞாயித்துக்கெழம எங்க ஊருக் கோயில்ல, எங்க சனத்துக்கு முன்னால, நீங்க சொன்னது தப்புன்னு இதே மாதிரி மைக்குல சொல்லணும். இல்லேன்னா ரெண்டாவது ஓலை வாசிக்க வேணாம்னு சாமியார்ட்ட நானே சொல்லிருவேன்."

அப்போதாவது நான் தலையாட்டியிருக்கலாம். "சொல்றேன்ணே. காச மட்டும் குடுங்க. எடை போட்டு, டச் பாத்துட்டுச் சொல்லிர்றேன்" என்றேன். டச் என்றால் எங்கள் தொழிலில் உலோகத்தின் சுத்தம். ஆனந்த்ராஜ் என் காலை மிதித்தது அந்த வாக்கியம் முடிந்த பிறகுதான்.

"சோதிக்கிறதா? எங்க காசையா?" என்று ஒரு சத்தம் போட்டார் ராயப்பராஜ். மொத்தக் கூட்டமும் வேனில் ஏறிவிட்டது. எண்பது பேருக்கு ஆக்கிய சோற்றையும் வெஞ்சனத்தையும் அன்று இரண்டு தெருவுக்குக் கொடுத்தோம்.

மறுநாளிலிருந்து அனிஷா என்னோடு பேசவில்லை. எல்லாம் அவள் அப்பா வழியாகத்தான். "அப்பா, அவங்கள ரசம் ஊத்தச் சொல்லுங்க" என்பாள், நான் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்கும்போது. புதன்கிழமை நானே தாங்க மாட்டாமல் கேட்டேன். "தெரியாம எப்படிடி நான் அசல்னு சொல்ல முடியும்?"

"இது உங்க பேங்க் மேசை இல்லம்மா. என் கல்யாணம்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மைக்கில் நாலு வார்த்தை சொன்னால் முடிந்தது என்று எனக்கும் தெரியும். ஆனால் பொய்க் காசை அசல் என்று ஊரறியச் சொன்னால், மறுநாள் எந்த முகத்தோடு உரைகல்லைத் தொடுவேன்? இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷம். நடுவில் நான் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வங்கிக்கே வந்து நின்றார் லூர்தம்மாள். வேர்த்துப்போயிருந்தார். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து என் மேசையில் வைத்தார். கணவரின் அண்ணன் ராயப்பராஜை அவர் அத்தான் என்பார்.

"அத்தான் தோட்டத்துக்குப் போன நேரமாப் பாத்துப் பொட்டியத் தொறந்து எடுத்துட்டு வந்துட்டேன், மதினி. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான் போட்ட காசு இது. ஈயமா வெள்ளியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பொய்யின்னா பொய்யின்னே சொல்லுங்க, நாம ரெண்டு பேரும் ஒரு வழி பண்ணுவோம்."

இப்படி ஒரு மாமியார் கிடைக்க என் மகள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முகமது யாசினின் டச் பார்க்கும் கடை. பொருளை எந்திரத்துக்குள் வைத்து மூடினால் போதும். எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் எண்கள் வந்துவிடும். நாங்கள் உள்ளே நுழையும்போதே வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. தலையெல்லாம் செம்மண் புழுதியாக ராயப்பராஜ் இறங்கினார். பெட்டி திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு எரியோட்டிலிருந்து முறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வங்கியில் விசாரித்து வழியும் கேட்டிருக்கிறார்.

"லூர்து, காசக் குடு."

"மாட்டேன் அத்தான்" என்றார் லூர்தம்மாள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து அவரிடம் இவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. ராயப்பராஜ் அசந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடுவில் சந்தனம் அப்பியிருந்ததால் யாசின் காசின் ஓரத்தை எந்திரத்தில் காட்டினார். ஒரு நிமிஷம் ஓடியது. திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வெள்ளி அறுபத்தொண்ணுதான் காட்டுதுக்கா. மிச்சம் ஈயம், வெள்ளீயம். நீங்க சொன்னதுதான் சரி."

நான் சொன்னது சரியென்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி இருக்கும். அன்று அது வரவில்லை. ஒரே ஒரு தடவையாவது நான் தப்பாக இருக்கக் கூடாதா, மாதாவே என்று மனசுக்குள் கெஞ்சினேன். லூர்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராயப்பராஜ் கத்துவார் என்று பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"அதான் சோதிக்க வேணாம்னு சொன்னேன்" என்றார் சுவரைப் பார்த்து. குரலில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அது என்னை உறுத்தியது. வங்கியில் கவரிங் நகையைத் தெரியாமல் கொண்டுவந்தவர்கள் பதறுவார்கள். தெரிந்து கொண்டுவந்தவர்கள்தான் இப்படிப் பதறாமல் இருப்பார்கள்.

"யாசின் பாய், காசக் குடுங்க" என்றேன். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நான் எதையும் எழுதுவதில்லை. முதலில் சந்தனத்தையெல்லாம் கழுவினேன். தராசில் வைத்தேன். பதினொன்று தொண்ணூற்றெட்டு கிராம். அந்தக் காலத்து ரூபாய் பதினொன்று அறுபத்தாறுதான் இருக்கும். நூற்று நாற்பது வருஷம் தேய்ந்ததற்கு அதைவிடக் குறைய வேண்டும், கூடியிருக்கிறது. பொய்க் காசு அடிக்கிறவன் எடையைக் குறைத்து லாபம் பார்ப்பான். கையிலிருந்து உலோகத்தைக் கூடப் போட்டு அடிக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

கண்ணாடி லென்ஸை எடுத்துக் காசின் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். பல் பல்லாக வரி ஓடியது. ஆனால் தொடர்ந்து ஓடவில்லை. ஓர் இடத்தில் வரி அழிந்து மொழுமொழுவென்று சாம்பல் நிறமாக இருந்தது. திருப்பினேன். இன்னொரு இடம். இன்னொன்று. ஆறின புண்ணின் தழும்பு மாதிரி.

"மதினி, இந்தக் காச நீங்க போட்டேன்னு சொன்னீங்கள்ல, எப்படிப் போட்டீங்க?"

"காது வச்சுத்தான். பரிசம் முடிஞ்சதும் ஆசாரி காசு ஓரத்துல ஒரு வளையம் பத்தவைப்பாரு. மஞ்சக் கயித்துல கோத்துக் கல்யாணம் வரைக்கும் கழுத்துல போட்டிருப்போம். கல்யாணம் முடிஞ்சதும் அந்தக் காத மட்டும் வெட்டியெடுத்து, உருக்கி, நம்ம மெட்டியில சேத்துருவாங்க. காசு திரும்பப் பொட்டிக்குப் போயிரும். ஒருத்தி காது வச்ச எடத்துல இன்னொருத்திக்கு வைக்கக் கூடாது, அவ அவளுக்குத் தனித் தனி எடம்" என்றார்.

எனக்குக் கை பரபரத்தது. "யாசின் பாய், ஓரத்துல பாக்காதீங்க. நட்ட நடுவுல, ராணி கன்னத்துல பாருங்க!"

மறுபடி ஒரு நிமிஷம். சம்பளத்துக்கு மெசேஜ் வருகிற நாளில்கூட நான் ஒரு திரையை அப்படிப் பார்த்ததில்லை. தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு. திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அதே தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு.

"அசல்!" என்று நான் போட்ட கூச்சலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

"அப்பறம் ஏன் டொக்குன்னு கேட்டுச்சு?" என்றார் லூர்தம்மாள், அழுகையும் சிரிப்புமாக.

"அச்சுல அடிச்ச வெள்ளி வெறப்பா இருக்கும்மா, அதான் கணீர்னு பேசும்" என்றார் யாசின். "காது வைக்க ஒவ்வொரு தடவையும் தீயில காட்டுனா எளகிப் போயிரும். போதாக்கொறைக்கு ஓரத்துல ஈயத்த வேற வச்சிருக்காங்க. இத்தன தழும்ப வச்சுக்கிட்டு எந்தக் காசு பேசும்?"

லூர்தம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "எங்க மாமியாவோட மாமியா ஒண்ணு, எங்க மாமியா ஒண்ணு, நான், எம் மூத்த மருமக. நாலு பேரு."

யாசின் லென்ஸை வைத்துப் பார்த்தார். பாவம், அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. "அஞ்சு இருக்கேம்மா."

என் கண் தானாக ராயப்பராஜிடம் போனது. அவர் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சங்கிலியை என் மேசையில் வைத்துவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்க்கிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். ஐந்தாவது யாருக்கு என்று கேட்க என் வாய் திறந்தேவிட்டது. நாக்கு நுனிக்கு வந்ததைப் பிடித்து நிறுத்தியது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

"அது ஆசாரி பிசகு, மதினி" என்றேன். "மொதல்ல ஒரு எடத்துல வச்சிருப்பான், சரியா ஒக்காந்திருக்காது. எடுத்துட்டு வேற எடத்துல வச்சிருப்பான். நாங்க இது மாதிரி எம்புட்டுப் பாக்குறோம்!"

அந்தத் தழும்பு மற்றது போலவே முழுசாகப் பற்றவைத்து, முழுசாக வெட்டியெடுத்தது. யாசின் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாமா, நடக்கிறதுதான்" என்று லென்ஸை உறையில் போட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கொடுத்த முதல் பொய்ச் சீட்டு அது.

லூர்தம்மாள் பூ வாங்கப் போனார். எக்ஸெல் பக்கத்தில் நானும் ராயப்பராஜும் மட்டும் நின்றோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே அவர் சொன்னதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். எரியோட்டுப் பக்கம் போனால் வாயைத் திறக்கக் கூடாது.

"எம்பத்தி நாலுல, குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பிள்ள. தையல் டீச்சர். வீட்ல யாருக்கும் தெரியாமக் காச எடுத்து, காது வச்சுக்கிட்டு, நானே அவுக அப்பாவப் பாத்துப் பேசப் போனேன். அவரு வாங்கி ஆட்டுக்கல்லுல தட்டிப் பாத்தாரு. டொக்குன்னு கேட்டுச்சு. ஈயத்தக் குடுத்துப் பொண்ணு கேக்க வந்தியாடான்னு வாசல்ல வீசிட்டாரு. பொறுக்கிட்டு வந்து, காத வெட்டிட்டுப் பொட்டில வச்சிட்டேன்."

துண்டை மடித்துக்கொண்டே மேலே சொன்னார்.

"நம்ம குடும்பமே ஒரு பொய்க் காச வச்சுக்கிட்டுப் பெருமையடிக்குதுன்னு நாப்பது வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். தம்பி கல்யாணத்துல, அவன் பெரிய மகன் கல்யாணத்துல எல்லாம், எவனும் சுண்டிறக் கூடாதேன்னு காவல் காத்தேன். நீங்க அன்னைக்குச் சொன்னப்ப எனக்கு உங்க சத்தமே கேக்கல தங்கச்சி, அந்த மனுசன் சத்தந்தான் கேட்டுச்சு." என் பக்கம் திரும்பினார். "நெசமாவே வெள்ளிதானா?"

ஒருவர் ஒரு தட்டுத் தட்டியதில் ஒரு மனுஷனின் வாழ்க்கை நாற்பது வருஷம் முடங்கிக் கிடந்திருக்கிறது. அதே வேலையை நானும் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"சுத்த அசல்ணே. அன்னைக்கும் அசல்தான். அவருக்குத் தட்டத்தான் தெரிஞ்சிருக்கு, பாக்கத் தெரியல. எனக்கும் அன்னைக்கு அம்புட்டுத்தான் தெரிஞ்சுச்சு."

அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எரியோட்டுக் கோயிலில் ரொனால்டு, அனிஷா பெயரில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் மைக்கைக் கொடுத்தார்கள். 'நான் சொன்னது தப்பு' என்று மூன்றே வார்த்தை சொன்னால் போதும் என்று ஆனந்த்ராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். நான் மூன்றோடு நிற்கிற ஆளா?

"சோதிக்காமச் சொன்னேன் பாருங்க, அது என் தப்பு. இப்ப எடை போட்டு, டச் பாத்துட்டுச் சொல்றேன். தொண்ணூத்தொண்ணு புள்ளி ஆறு! இந்தக் காசு பொய்யின்னு என்னைக்காவது எவராவது சொல்லியிருந்தா, அவர எங்கிட்ட அனுப்பி வைங்க!"

முதலில் கை தட்டியது ராயப்பராஜ். அவர் கை தட்டுவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் அசந்துபோய், பிறகுதான் அவர்களும் தட்டினார்கள். அனிஷா என் தோளில் இடித்து, "அம்மா, மைக்கக் குடுத்துருங்க, போதும்" என்றாள். அப்பா வழியாக இல்லாமல் நேராக என்னிடமே சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டில் ஆசாரி ஊதுகுழலோடு தயாராக இருந்தார். லூர்தம்மாள் காசின் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அனிஷாவுக்கு ஒரு புது இடம் தேடினார். "இங்கிட்டு வைக்கலாமா அத்தான்? இது வெறும் எடமாத்தான் இருக்கு."

ராயப்பராஜ் காசை வாங்கினார். கண்ணுக்கு அருகே கொண்டுபோகாமலே, விரலால் தடவியே அந்த ஐந்தாவது தழும்பைக் கண்டுபிடித்தார். அதன் மேல் நகத்தை வைத்து ஆசாரியிடம் காட்டினார்.

"இங்க வைப்பா."

"ஒருத்தி எடத்துல இன்னொருத்திக்கு வைக்கக் கூடாதுல்ல?" என்றார் லூர்தம்மாள்.

"இது ஆசாரி பிசகுன்னு தங்கச்சிதான் சொல்லிருச்சே. யாரும் போடாத எடந்தான். ரொம்ப நாளாச் சும்மா கெடக்கு, எம் மருமக போட்டுக்கட்டும்" என்றார்.

ஆசாரி தீயை ஊதினார். ராயப்பராஜ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.